ஒரு சாண்

அம்பாசமுத்திரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பெண்கள் தையல்கடை. ஒரு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம். மூலையில் கோரைப்பாய். பாயில் ஒரு குழந்தையும் ஒரு தாத்தாவும். வந்தவர்கள் காத்திருக்க வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கிறது. அதில் உட்கார்ந்தால் கடை முழுவதும் தெரியும். உட்கார்ந்தவரை யாரும் கவனிப்பதில்லை.

குழந்தைக்கு நாலு மாதம் முடிந்து ஐந்து நடக்கிறது. கடைக்காரி அதன் அம்மா. ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டுவதும் ஹெம்மிங் செய்வதும் மாமனார் வேலை. பாயை விரிப்பதற்கு முன் அவள் ஒரு காந்தத்தைத் தரை முழுக்க இழுத்துப் பார்த்தாள். இரண்டு குண்டூசியும் ஒரு கொக்கியும் ஒட்டிக்கொண்டு வந்தன.

“மாமா, பட்டன் டப்பாவ மூடிட்டியளா?”

“மூடியாச்சு தாயி.”

பாபின்களும் பட்டன்களும் பழைய பால்பவுடர் டப்பாவுக்குள், மெஷினுக்கு மேலே பலகையில். இந்த வயதில் கைக்கு வந்தது அடுத்த நொடி வாய்க்குப் போகும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

குழந்தை மல்லாந்து கிடக்கிறது. தாத்தாவின் கழுத்திலிருந்து அளவு டேப்பின் நுனி தொங்குகிறது. அதைக் கண்டதும் இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்கின்றன. டேப் எங்கோ இருக்கிறது, கை எங்கோ போகிறது. எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் குழுவினருடன் நான்கு குழந்தைகளை வாராவாரம் கவனித்து 1993-இல் ஒரு கட்டுரை எழுதினார். கையை ஓயாமல் வீசுகிற குழந்தை வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பொருளிடம் போய்ச் சேர்ந்தது. சும்மா கிடக்கிற குழந்தை கைக்கு வலுக் கூட்டிச் சேர்ந்தது. பொருளை எட்டுவது ஒன்றுக்கு 12-ஆவது வாரத்தில் வந்தது, இன்னொன்றுக்கு 22-ஆவது வாரத்தில்தான் வந்தது. பாயில் கிடக்கிற இவள் வீசுகிற ரகம்.

தாத்தா அவளைத் தூக்கித் தம் வயிற்றில் சாய்த்து உட்காரவைக்கிறார். இடது கை அவள் இடுப்பைச் சுற்றி இருக்கிறது. இடுப்புக்குப் பிடிமானம் கிடைத்ததும் தோள் தளர்கிறது. உடம்பைத் தாங்கும் கவலை கைக்கு இல்லை. வலது கையில் ஒரு கிலுகிலுப்பையை எடுக்கிறார். மரச்செப்புக்குப் பேர்போன ஊர். கடைசல் பட்டறையில் கடைந்தது. பிடி மெலிசு, தலை உருண்டை, சிவப்பும் மஞ்சளுமாக அரக்குப் பூச்சு. ஒரே ஒரு தடவை ஆட்டுகிறார். பிறகு அவள் நெஞ்சுக்கு நேரே, ஒரு சாண் தள்ளி, ஆடாமல் பிடித்துக்கொள்கிறார்.

“ஏட்டி, பாத்துக்கிட்டே இருந்தா எப்படி? எடு.”

முதலில் கண் போகிறது. பிறகு வாய் திறக்கிறது. கை கடைசியில்தான் கிளம்புகிறது. நேர்கோட்டில் போகவில்லை, ஒரு தாவல், ஒரு நிற்றல், திசை மாறி இன்னொரு தாவல். விரல்கள் இன்னும் மூடியே இருக்கின்றன. புறங்கை இடித்துக் கிலுகிலுப்பை கிலுங்குகிறது. அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறாள். தாத்தாவின் கை நகரவில்லை.

சுடிதார் வாங்க ஒரு கல்லூரிப் பெண் வருகிறாள். காஜா எடுக்கிற வேலை பாக்கி இருக்கிறது. நின்றபடியே வேடிக்கை பார்க்கிறாள். மூன்றாவது இடியில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“பாவம் தாத்தா, கையில குடுத்திருங்களேன்.”

கிலுகிலுப்பையை வாங்கிக் குழந்தையின் உள்ளங்கையில் திணிக்கிறாள். விரல்கள் மூடுகின்றன. உள்ளங்கையில் எது பட்டாலும் விரல் மூடுவது பிறவியோடு வருவது. நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் மெல்ல மறையும். அதன் மிச்சம்தான் இப்போது மூடியது. குழந்தையின் கண் டேப்பின் மேல் இருக்கிறது. சற்று நேரத்தில் கிலுகிலுப்பை கீழே விழுகிறது. குழந்தை அதைத் தேடவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் சுவரில் ஒட்டுப்பட்டைச் சுருள் தொங்குகிறது, பிரித்தால் சர்ரென்று கிழிகிற அதே வெல்க்ரோ. ஏமி நீதம் என்ற ஆய்வாளரும் குழுவினரும் அதை மூன்று மாதக் குழந்தைகளின் கையுறையில் வைத்தார்கள். மறுபாதியைப் பொம்மைகளில் ஒட்டினார்கள். கை பட்டால் போதும், பொம்மை ஒட்டிக்கொண்டு வரும். கையுறையைக் கழற்றிய பிறகும், அப்படிப் பழகிய குழந்தைகள் பொருள்களைப் பார்ப்பதிலும் தட்டிப் பார்ப்பதிலும் மற்றவர்களை முந்தின. அந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. 2010-இல் அவரும் கிளவுஸ் லிபர்ட்டஸும் இன்னொன்றையும் கண்டார்கள்: பெற்றோரே பொம்மையை எடுத்துக் கையில் தொட்டுத் தொட்டுக் காட்டிய குழந்தைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

தாத்தா அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லவில்லை. கிலுகிலுப்பையை வேட்டியில் துடைத்து ஓரமாக வைக்கிறார். குழந்தையைப் பாயில் குப்புறப் போடுகிறார். அவள் முன்கையை ஊன்றித் தலையைத் தூக்குகிறாள்; நாளைக்கு எட்டப்போகிற தோளுக்கு இதுவும் வேலைதான். அவர் கட்டிங் டேபிளுக்குப் போய் ஊசியில் நூல் கோக்கப் பார்க்கிறார். விரல் நடுங்குகிறது. நுனியை எச்சிலில் நனைத்து முறுக்குகிறார். நூல் ஊசிக்காதுக்கு வலப்பக்கம் போகிறது, பிறகு இடப்பக்கம். மருமகள் மெஷினை நிறுத்திப் பார்க்கிறாள். ஊசியை வாங்கிக்கொள்ள அவள் கை நீளவில்லை. மெஷின் விளக்கின் கழுத்தைப் பிடித்து அவர் பக்கம் திருப்பிவிட்டுத் திரும்பவும் மிதிக்கத் தொடங்குகிறாள். நூல் நுழைகிறது. கொக்கி இரண்டு கட்டி முடித்து, ஊசியைத் திண்டில் குத்திவிட்டு, தாத்தா பாய்க்கு வருகிறார்.

மறுபடி மடி, மறுபடி ஒரு சாண். இந்தத் தடவை வீச்சு குறைந்திருக்கிறது. கை பாதி வழியில் விரிகிறது. நாலு விரலும் சேர்ந்து பிடியை உள்ளங்கைக்கு வாரி இழுக்கின்றன. கட்டைவிரல் வெறுமனே பக்கத்தில் நிற்கிறது. அதுவும் ஆட்காட்டி விரலும் கூடி ஒரு பொட்டுக்கடலையைப் பொறுக்க இன்னும் நாலைந்து மாதம் ஆகும். இப்போதைக்கு வாரல் போதும். கிலுகிலுப்பை நெற்றியில் ஒரு இடி இடித்து, கன்னத்தில் தடவி, வாய்க்குள் போய்ச் சேர்கிறது. தாத்தா தம் கையை எடுத்துக்கொள்கிறார். பாராட்டு எதுவும் இல்லை. அவள் சப்புகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

சுடிதார் தயார். அந்தப் பெண் பையை வாங்கிக்கொண்டு குழந்தையைக் கொஞ்சக் குனிகிறாள். பச்சை ஷாலின் முனை முன்னால் சரிகிறது. கிலுகிலுப்பை நழுவுகிறது. கண், வாய், கை. யாரும் நீட்டாத ஷால் குழந்தையின் பிடிக்குள் வந்துவிட்டது. பிடிக்கப் பழகியாயிற்று, வேண்டுமென்றே விரலைத் திறந்து விடுவது இன்னும் சில மாதம் கழித்து வருகிற வித்தை.

“அக்கா, பஸ் போயிரும்க்கா. விடச் சொல்லுங்க.”

மருமகள் சிரிக்கிறாள். தாத்தா சொல்கிறார்:

“பாவம், குடுத்திட்டுப் போயேன்.”