பரீட்சை வேண்டுமா, வேண்டாமா?



"பரீட்சையே வேண்டாம்னு சொல்ற ஆளா சார் நீங்க?" என்று போன வாரம் ஒரு பழைய மாணவர் போனில் கேட்டார். இல்லைப்பா. பொதுத்தேர்வை மதிக்கிறவன் நான். விடைத்தாளைத் திருத்துகிறவருக்குப் பிள்ளையின் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது, சாதியும் தெரியாது. பூம்பாறையில் பூண்டு பறிக்கிற வீட்டுப் பிள்ளையும் மதுரையில் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் அந்த மேஜையில் ஒன்றுதான். அது பெரிய நியாயம்.

ஆனால் வினாத்தாள் ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா? தமிழ்நாட்டில் 2007 முதல் நுழைவுத்தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மார்க்கை வைத்தே மருத்துவ இடம் கொடுத்தார்கள். அதிலும் குறை இருந்தது. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல், இரண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் உண்டு. 2017-இல் நீட் வந்தது. 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவை நாம் இழந்ததும் அந்த வருஷம்தான்.

நீட்டுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். மன்னவனூர் பிள்ளை அதற்கு மலை இறங்கி, திண்டுக்கல்லிலோ மதுரையிலோ ஹாஸ்டலில் தங்க வேண்டும். ஒரு வருஷம், சிலருக்கு இரண்டு வருஷம். கேரட் விலை விழுந்த வருஷத்தில் அந்த அப்பா பணத்துக்கு எங்கே போவார்? அங்கே பிள்ளையின் படிப்போடு வீட்டு வசதிக்கும் சேர்த்தல்லவா மார்க் விழுகிறது!

இதைக் கொஞ்சமாவது சரிசெய்யத்தான் 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் கொடுத்தார்கள். உறவுகளே, ஒன்றைக் கவனியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத்தான் இது. "பத்தாவதில் நல்ல மார்க்" என்று பிளஸ் ஒன்னுக்குக் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றினால், கையில் இருக்கும் உரிமை போய்விடும். மாற்றும் முன் யோசியுங்கள்.

இன்னொன்று. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள், வீட்டு வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை மாதம் 1000 ரூபாய். ஒரு பிள்ளையைப் பள்ளியிலேயே நிறுத்திவைக்கிற பரீட்சை இது. இதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

உங்கள் தெருவில் எட்டாவது படிக்கிற பிள்ளை யாரென்று பாருங்கள். தலைமை ஆசிரியரிடம் கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மலையில் ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் சனிக்கிழமை ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் அதுவே எனக்குக் குருதட்சணை.

அன்புடன்,
உங்கள் சார்