மணியடித்தால் அணையும் விளக்கு

2011 ஐப்பசியில் எங்கள் வீட்டு ஏடிஎஸ்எல் மொடத்திற்கு விசித்திரமான நோயொன்று கண்டது. தொலைபேசி மணியடித்தால் இணைப்பு விளக்கு அணைந்துவிடும். மீண்டும் எரிய இரண்டு மூன்று நிமிடங்களாகும். வெள்ளி தோறும் மாலை 6 மணிக்குள் நான் பத்தி எழுதி, படங்களோடு அனுப்பியாக வேண்டும். நேரம் நெருங்கியதும் "கட்டுரை எங்கே?" என்று ஆசிரியபீடத்திலிருந்து அழைப்பு வரும். போய்க்கொண்டிருக்கும் கட்டுரையை அந்த அழைப்பே அறுத்துவிடும். இதனை விளக்கிச் சொன்னபோது, பழைய பத்திரிகையாளனின் புதிய சாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மொடம் 2006 இல் வாங்கியது. மூப்புத்தான் நோயென்று முடிவுகட்டி, ஃபேர்ம்வெயாரைப் புதுப்பிக்கத் துணிந்தேன். மொடத்தின் உள்ளேயே குடியிருந்து அதனை இயக்கும் மென்பொருள் அது. மாற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மொடம் பிறகு எழாமலே போகலாம். இடிமழைக் காலமாகையால் மகனிடம் யூபிஎஸ் இரவல் வாங்கினேன். அதனிலும் பெரிய ஆபத்து மொடத்தின் அடியிலிருந்த ஒட்டுத்தாளில் தெரிந்தது. வன்பொருள் பதிப்பு 2 என்றிருந்தது. நான் இறக்கி வைத்திருந்ததோ பதிப்பு 1 இற்குரிய கோப்பு. வாழ்நாள் முழுவதும் ஒப்புநோக்காளர்களைக் கடிந்துகொண்டவன் நான்!

சரியான கோப்பைத் தேடியெடுத்து, வைஃபையை நம்பாமல் கம்பியால் கணினியை இணைத்து, 192.168.1.1 என்ற முகவரியில் ஏற்றினேன். மொடம் எழுந்தது, எல்லாவற்றையும் மறந்து எழுந்தது. பயனர் பெயர், கடவுச்சொல், விபிஐ 8, விசிஐ 35 என அனைத்தையும் பழைய குறிப்புப் புத்தகமொன்றில் கண்டுபிடிக்க நள்ளிரவாயிற்று. அமைப்புகளைப் பிரதியெடுக்கும் பொத்தான் அதே பக்கத்தில்தான் இருந்தது.

மறுநாள் காலை தொலைபேசி மணியடித்தது. விளக்கு அணைந்தது.

அதன் பிறகே மொடத்தின் நிலைப் பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். இரைச்சலை மீறிச் சமிக்ஞைக்கு எஞ்சியிருக்கும் இடைவெளி வெயில் நாளில் 11 டெசிபெல். மழை நாளில் 5. மென்பொருளுக்கு மழை தெரியாதே! ஒரே செம்புக்கம்பிச் சோடியில் குரல் 4 கிலோஹேர்ட்ஸிற்குக் கீழும், இணையம் 25 கிலோஹேர்ட்ஸிற்கு மேலும் பயணிக்கின்றன. மணியடிக்கையில் அக்கம்பியில் வழமையான 48 வோல்ற்றுக்கு மேலாக ஆடலோட்டமும் ஏறுகிறது. பழுதான மூட்டு அவ்வேளையில் தடுமாறும், இணைப்பும் அறும்.

முறைப்பாடு செய்தேன். வந்த தொழில்நுட்பவியலாளர் மொடத்தைத் திரும்பியும் பாராமல், கூரை விளிம்பின் கீழிருந்த சிறு பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சை படர்ந்த கம்பி.

"மொடத்தில பிழையில்லை ஐயா. மூட்டு முழுக்கக் கறள்."

"தம்பி, இரவிரவாக அதைத்தான் போட்டு உருட்டினேன்" என்றேன். அவர் சிரிக்காமல் வேலையைப் பார்த்தார். கம்பியை வெட்டிப் புதிதாக மூட்டுப்போடப் பத்து நிமிடமும் ஆகவில்லை. இடைவெளி 13 இற்கு ஏறியது.

அந்த வெள்ளி மாலை 5.40 இற்கு மணியடித்தது. விளக்கு அசையவேயில்லை.

"கட்டுரை எங்கே?"

அன்று நான் இன்னும் எழுதவே தொடங்கியிருக்கவில்லை.