பெரியப்பாவின் கேமராவோடு டெங்கிலுக்கு

பிரிக்பீல்ட்ஸிலிருந்து டெங்கிலுக்குப் போவது பெரிய பயணமே இல்லை. கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறி, புத்ராஜெயாவில் இறங்கி, ஒரு கிராப் வண்டி பிடித்தால் போதும்; லங்காட் ஆற்றங்கரைக்கு வந்துவிடலாம். ஆனால் இந்தச் சின்னப் பயணத்தை நான் இரண்டு முறை போக வேண்டியதாயிற்று. காரணம், என் தோளில் தொங்கிய கேமரா.

அது யாஷிகா எலெக்ட்ரோ 35. முதலில் 1966-இல் வெளிவந்த வரிசை. பெரியப்பா யாரிடமோ கைமாற்றாக வாங்கியது. அவர் பிராங் பெசார் தோட்டத்தில் கித்தா மரம் சீவியவர். காலையில் மங்கும் உளியுமாகக் காட்டுக்குப் போவார். சாயங்காலம் குளித்துவிட்டு, கல்யாணமோ தீமிதியோ எது நடந்தாலும் இந்தக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் நிற்பார். தோட்டத்துக்கே அவர்தான் படக்காரர்.

அவர் எடுத்த படங்களில் பாதி, வீடு மாறியபோது தொலைந்தன. மீதியைக் கரையான் தின்றது. கேமரா மட்டும் ஒரு மைலோ டின்னுக்குள் கிடந்து, அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது.

தோட்டம் போன இடம்

பிராங் பெசார் என்றால் இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. புத்ராஜெயா என்றால் எல்லாருக்கும் தெரியும். இரண்டும் ஒரே மண்தான்.

மலாயில் 'பெராங் பெசார்' என்றால் பெரும்போர். முதல் உலகப் போரில் பணியாற்றி ஓய்வு பெற்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் காட்டை அழித்து உருவாக்கிய தோட்டம் என்பதால் இந்தப் பெயர். இங்கு உருவாக்கிய ஒட்டுக் கன்றுகள் உலகப் புகழ் பெற்றவை. 'பிபி 86' என்ற ரகம் இலங்கை வரை போய்ப் பரவியது. அந்தப் 'பிபி' வேறொன்றுமில்லை, பிராங் பெசாரின் முதலெழுத்துகள்தான். தோட்டத்தின் பெயர் இன்றும் கித்தா மரங்களில் வாழ்கிறது. தோட்டம்தான் இல்லை.

1995-இல் புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கியது. 1999-இல் பிரதமர் அலுவலகம் அங்கே மாறியது. 2001 பிப்ரவரி 1 அன்று அது கூட்டரசுப் பிரதேசமானது. பிராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மேடிங்லி ஆகிய தோட்டங்களில் இருந்த நம்மவர்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். அங்கே சுவர்கள் விரிசல் விட்டதும், தரை வீடு கேட்டு மக்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்ததும் நாளிதழ் படிப்பவர்கள் அறிந்த கதை.

பெரியப்பாவின் கூட்டாளி ஒருவர் இன்னும் டெங்கிலில் இருக்கிறார். நான் மாமா என்று கூப்பிடுவேன். தோட்டத்தில் எது எங்கே இருந்தது என்று கைநீட்டிக் காட்டக்கூடியவர்களில், எனக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். அதே கேமராவில் அவரைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கித்தா போச்சு

ஆசைப்பட்டால் போதுமா? கேமரா வேலை செய்ய வேண்டுமே. புடு பக்கம் பழைய கேமரா பழுதுபார்க்கும் ஒரு சீனப் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் பிலிம் நகர்த்தும் நெம்புகோலை இழுத்தார். காதருகே வைத்துக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "கெத்தா சூடா ஹாபிஸ்" என்றார். கித்தா போய்விட்டதாம்.

இந்த வகை யாஷிகாவுக்குள் ஒரு சின்ன ரப்பர்த் துண்டு உண்டு. நல்ல நிலையில் இருக்கும் கேமராவில் பிலிமை நகர்த்தும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். வயதாகி அந்த ரப்பர் உதிர்ந்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். ஷட்டரின் வேகமும் தாறுமாறாகும். காலமெல்லாம் கித்தா சீவியவரின் கேமரா, ஒரு பொட்டுக் கித்தா இல்லாமல் ஊமையாகிக் கிடந்தது. பெரியவர் புதுத் துண்டு வைத்துத் தைத்த மாதிரி சரிசெய்து கொடுத்தார்.

ரேஞ்ச்பைண்டர் கேமரா என்பது ஒரு எளிய வித்தை. கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியின் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதற்குள் எதிரே இருப்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் படம் தெளிவு. 1932-இல் வந்த லைக்கா இரண்டாம் மாடல் இந்த ஏற்பாட்டை லென்ஸோடு இணைத்தது. காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் கையில் இருந்ததும் லைக்காதான். ஜப்பானிய நிறுவனங்கள்தாம் பிறகு அதே வித்தையைச் சாதாரணக் குடும்பத்தின் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தன.

நம் நாட்டில் இந்தக் கேமராக்களுக்குப் பெரிய எதிரி ஈரப்பதம். அலமாரியில் தோல் பைக்குள் வைத்தால் லென்ஸில் பூஞ்சை சிலந்தி வலை போலப் படரும். தோல் பையைத் தனியே வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு அதில் கேமராவை வையுங்கள். பின்கதவின் ஓரத்தில் ஒளி புகாமல் ஒட்டியிருக்கும் பஞ்சு, பழசானால் தார் போலப் பிசுபிசுக்கும். அதைச் சுரண்டி எடுத்துப் புதிது ஒட்ட வேண்டும். எலெக்ட்ரோவுக்கான 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. 6 வோல்ட் பேட்டரி ஒன்றை ஒரு ஸ்பிரிங் வைத்து இட்டு நிரப்பினால் போதும். பச்சை விளக்கு எரிந்தால் உயிர் வந்துவிட்டது.

முதல் பயணம்

புத்ராஜெயாவில் மாமாவோடு ஏரிப் பாலத்தில் நின்றேன். முதலில் கேமராவைச் சோதித்தேன். லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்து, தூரத்தில் தெரிந்த புத்ரா பள்ளிவாசலின் கோபுரத்தைப் பார்த்தேன். 116 மீட்டர் கோபுரம் கட்டத்துக்குள் ஒற்றையாக நின்றது. இரண்டாகத் தெரிந்திருந்தால் ரேஞ்ச்பைண்டர் விலகியிருக்கிறது என்று பொருள். உங்கள் கேமராவையும் இப்படித் தூரத்துக் கோபுரம் எதையாவது வைத்துச் சோதிக்கலாம்.

மாமா ஏரியைப் பார்த்துக் கை நீட்டினார்.

"அந்தப் பக்கந்தான்யா நம்ம லயம். அதுக்குக் கீழ ஆயாக்கொட்டகை. ஒங்க பெரியப்பன் என் கல்யாணத்துக்குப் படம் புடிச்சது அங்கதான். இப்ப எல்லாம் தண்ணிக்கடியில இருக்கோ, ஆபீசுக்கு அடியில இருக்கோ, யாரு கண்டா?"

நான் படமெடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் கை நீட்டியது, தொப்பியைச் சரிசெய்தது, சிரித்தது. டெங்கில் திரும்பி ஒட்டுக்கடையில் தே தாரே குடித்தபோதும் எடுத்தேன். முப்பத்தாறும் முடிந்தது. அதற்குப் பிறகும் நெம்புகோல் சுகமாக நகர்ந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கழுவக் கொடுத்த பிலிம் வெறுமையாகத் திரும்பி வந்தது. ஒரு படமும் இல்லை. பிலிமின் நுனி சுருளில் மாட்டவே இல்லை. நான் எடுத்ததெல்லாம் காற்றில் எடுத்த படம். தவறு கேமராவினுடையது அல்ல, என்னுடையதுதான்.

பிலிம் மாட்டியதும், சுற்றும் குமிழியைத் தளர்வு போகும் வரை மெல்லத் திருப்ப வேண்டும். பிறகு ஒவ்வொரு முறை நெம்புகோலை இழுக்கும்போதும் அந்தக் குமிழி தானாகச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழன்றால் பிலிம் ஓடுகிறது. சுழலாவிட்டால் பின்கதவைத் திறந்து மறுபடி மாட்ட வேண்டும். இன்னொன்று: இதில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி அழகாகத் தெரியும், படம் மட்டும் வராது. இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

இரண்டாம் பயணம்

'அடுத்த வாரம் போகலாம்' என்று நான் நினைத்த அடுத்த வாரம், நான்கு மாதம் கழித்து வந்தது. அதற்குள் மாமாவுக்குப் பக்கவாதம். மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியின் மேல் மாடியில் வீடு. அவரால் இனி கீழே இறங்கி ஏரிக்கரைக்கு வர முடியாது. அந்தக் கை நீட்டலை இனி படம் பிடிக்க முடியாது என்று படியேறும்போதே புரிந்துவிட்டது.

அத்தை கதவைத் திறந்தார். "வாய்யா, ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார்.

மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். பேச்சு குழறியது. முதல் பிலிம் வெறுமையாகப் போனதைச் சொன்னேன். அவர் பாதி முகத்தால் சிரித்தார். பிறகு அத்தையிடம் ஏதோ காட்டினார். அத்தை அலமாரியிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து வந்தார். லயத்து வாசலில் மாலையோடு நிற்கும் இருவர். பெரியப்பா எடுத்தது. கரையானுக்குத் தப்பிய ஒன்று.

அறையில் ஒரே ஒரு சன்னல். வெளிச்சம் போதவில்லை. 400 வேகப் பிலிம் போட்டு, லென்ஸை 1.7 வரை முழுதாகத் திறந்தும், மஞ்சள் விளக்கு எரிந்தது. ஷட்டர் மெதுவாக ஓடும், கை நடுங்கினால் படம் கெடும் என்பதற்கான எச்சரிக்கை அது. ஒரு நாற்காலியின் முதுகில் கேமராவை ஊன்றினேன். இவ்வளவு அருகில், இவ்வளவு திறந்த லென்ஸில், தெளிவாக விழும் ஆழம் விரல் அகலம்தான். அவர் மூக்குக்கண்ணாடியின் சட்டத்தை மஞ்சள் கட்டத்துக்குள் கொண்டுவந்து, இரண்டையும் ஒன்றாக்கினேன்.

நெம்புகோலை இழுத்தேன். 'டொக்.' குமிழி சுழன்றது.

மாமாவின் முகம் திரும்பியது. "அந்த... சத்தம்" என்றார். அவ்வளவுதான் வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. தோட்டத்துக் கல்யாணங்களில் பெரியப்பா நின்ற பக்கமிருந்து கேட்ட சத்தம் அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அழுத்தினேன். இந்தக் கேமராவில் ஷட்டர் சத்தம் ஒரு முணுமுணுப்பு மாதிரிதான். அவர் கவனிக்கக்கூட இல்லை.

படம் வந்தது. மூக்குக்கண்ணாடியும் அவர் கையில் பிடித்திருந்த கல்யாணப் படமும் தெளிவு. சுவரும் சன்னலும் மங்கல். பிராங் பெசாரின் ஒரு லயத்து வாசல், படத்துக்குள் படமாக அதில் இருக்கிறது. பெரிதாகக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை அதைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

டெங்கிலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பாயா இண்டா ஈரநிலப் பூங்காவையும் பாருங்கள். முன்பு ஈய லம்பமாக இருந்த இடம், இன்று தாமரையும் முதலையுமாக இருக்கிறது. காலை வெயிலில் போனால் நல்ல படம் கிடைக்கும். பிலிமைக் காருக்குள் வெயிலில் விட்டுவிடாதீர்கள்.

போவதற்கு முன் உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டையும் ஒருமுறை பாருங்கள். தாத்தாவின் கேமரா ஏதாவது கிடக்கலாம். எடுத்துத் துடைத்து, நெம்புகோலை இழுத்துப் பாருங்கள். அது ஓடினால், யாரைப் படம் எடுக்க வேண்டுமோ அவரிடம் அடுத்த வாரமே போய்விடுங்கள். குமிழி சுழல்கிறதா என்று மட்டும் மறக்காமல் பாருங்கள்.