புது வேர்க்கர்

அரச பராமரிப்பில் வளரும் ஒரு பிள்ளையிடம் "உன்ர வேர்க்கர் ஆர்?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுப்பார்கள். இப்போது வருகிறவரைச் சொல்வதா, போன மாதம் வரை வந்துகொண்டிருந்தவரைச் சொல்வதா, முதன்முதலில் தன்னை அம்மாவிடமிருந்து பிரித்துக் காரில் ஏற்றி வந்தவரைச் சொல்வதா என்று அவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். ஒன்ராறியோவில் வேர்க்கர் எனப்படும் குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் சாதாரண ஆள் இல்லை. எந்த வீட்டில் இருப்பது, எந்தப் பள்ளிக்கூடம், அம்மாவை எந்த நாளில் பார்ப்பது, விடுமுறைக்கு எல்லை தாண்டிப் போகலாமா என்பது வரை அவர் கையில் இருக்கிறது. பிள்ளை ஒரு இடத்தில் வேர்விட்டாலும் அவர் மாறிக்கொண்டே இருக்கிறார்.

நானும் கணவரும் ஸ்காபரோவில் பல வருடங்களாக ஃபொஸ்டர் வீடு நடத்துகிறோம். ஊர்க்காரர் பலர் இதைத் தத்தெடுப்பு என்று நினைக்கிறார்கள். இது அதில்லை. பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள். திரும்பவும் அவர்களிடம் சேர்ப்பதுதான் முதல் நோக்கம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை இப்படித் தற்காலிகமாக வைத்திருக்கச் சட்டம் பொதுவாக 12 மாதமும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 24 மாதமும் தவணை கொடுக்கிறது. அதற்குள் வீடு திருந்தவேண்டும். இல்லாவிட்டால் கோட்டு நிரந்தரமான ஏற்பாட்டைத் தீர்மானிக்கும். பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி எழுதுவதையும் சட்டம் தடுக்கிறது. அதனால் கீழே வருகிற பிள்ளைகளின் வயதையும் சூழலையும் மாற்றியும் கலந்தும்தான் எழுதுகிறேன்.

எங்களை ஃபொஸ்டர் பெற்றோராக எடுப்பதற்கு முன் பொலிஸ் அறிக்கை, வைத்திய அறிக்கை, வகுப்புகள் எல்லாம் நடந்தன. வீட்டுக்கு வந்து விசாரித்த பெண்மணி என் சிறுவயதைப் பற்றி மிக நேரம் கேட்டார். 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். எனக்கு அந்தச் சேலைத் தலைப்பு இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் இரவு பதினொரு மணிக்கு வந்து நிற்கிற பிள்ளைக்கு அதுவும் இல்லை.

முதல் இரவைப் பற்றிச் சொல்லவேண்டும். உடுப்பெல்லாம் கறுப்புக் குப்பைப் பைக்குள் வரும். அவசரத்தில் எடுத்தது, வேறு வழியில்லாமல் நடந்தது. ஆனால் தன்னுடைய சாமான் எதில் வந்தது என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் நிற்கும். இதற்காகவே சின்னப் பயணப்பெட்டிகள் சிலவற்றை எப்போதும் வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் தலையணைக்குக் கீழே பாண் துண்டு இருக்கும், சில வேளை வாழைப்பழம். அதை நான் எடுப்பதில்லை. நாளைக்கும் சாப்பாடு இருக்கும் என்று பிள்ளையின் உடம்பு நம்புவதற்கு மாதக்கணக்கு ஆகும்.

வந்து பார்க்கிறவர்கள், "எவ்வளவு அமைதியான பிள்ளை" என்று சொல்வார்கள். எனக்கு அந்த அமைதிதான் பயம். கத்துகிற பிள்ளை, கதவை உதைக்கிற பிள்ளை யாரோ கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் அப்படிச் செய்கிறது. ஒரு சொல்லும் சொல்லாமல் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுச் சிரிக்கிற ஏழு வயதுப் பிள்ளை அந்த நம்பிக்கையை எப்போதோ விட்டுவிட்டது. பிள்ளைக்கும் வளர்க்கிறவருக்கும் உள்ள பற்றுதலைப் பற்றி உலகம் இன்று பேசுவதில் பெரும்பங்கு மேரி ஐன்ஸ்வேர்த்துடையது. அவர் சிறுவயது முதல் வளர்ந்ததும் 1939இல் கலாநிதிப் பட்டம் பெற்றதும் இந்த ரொறன்ரோவில்தான். ஆபத்து வந்தால் ஓடிப்போக ஒரு ஆள், ஆபத்தில்லாதபோது துணிந்து தூரம் போகவும் அதே ஆள். இது கிடைத்த பிள்ளை உலகத்தைப் பார்க்கும் விதம் வேறு. எங்களிடம் வருகிற பிள்ளைகளுக்கு அந்த ஆள் ஏற்கெனவே ஒரு முறை போய்விட்டார். அதன்பிறகு வருகிற ஒவ்வொருவரையும் இவரும் போவாரா என்றே பார்க்கிறார்கள்.

தாயைப் பார்க்கும் நாட்களைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. அலுவலகத்தின் ஒரு அறையில் சந்திப்பு நடக்கும். மூலையில் ஒருவர் குறிப்பெழுதிக்கொண்டிருப்பார். அன்றிரவு பிள்ளை படுக்கையை நனைக்கும், தட்டைத் தள்ளிவிடும், காரணமில்லாமல் என்னை அடிக்கும். "அப்ப ஏன் கூட்டிக்கொண்டு போறியள், நிப்பாட்டுங்கோவன்" என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். தாயைப் பார்த்ததால் வந்த கோபம் இல்லை அது. பார்த்துவிட்டுத் திரும்ப வரவேண்டியிருந்த துக்கம். அதை என் மேல் கொட்டுகிறதே, அதில் எனக்கு ஆறுதல்; கொட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

இனி வேர்க்கர் பக்கம். எங்களிடம் வந்த வேர்க்கர்களில் ஒருத்தி இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. அவளின் ஒரு நாள் இப்படி இருக்கும்: காலையில் கோட்டு, மத்தியானம் ஒரு பள்ளிக்கூடத்தில் காயத்தோடு வந்த மாணவியோடு பேச்சு, பின்னேரம் பொலிஸாரோடு போய் ஒரு தாயின் கையிலிருந்து குழந்தையை வாங்குவது, பிறகு அந்தக் குழந்தைக்குக் கட்டில் தேடி வீடு வீடாகத் தொலைபேசி எடுப்பது. குழந்தையை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவளின் கார் அரை மணித்தியாலமாக டிரைவ்வேயிலேயே நின்றது. கணவர் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார். "அன்ரி, நான் தட்டுற கதவுகள்தான் கனவில வருது" என்று இன்னொரு நாள் என்னிடம் சொன்னாள். அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

இந்த வேலையில் இன்னொரு பயமும் உண்டு. 1997இல் ரொறன்ரோவில் ஒரு தங்ககத்தில் தாயோடு இருந்த 35 நாள் குழந்தை பட்டினியால் இறந்தது. தாயோடு சேர்த்து, அந்தக் குடும்பத்துக்குப் பொறுப்பாயிருந்த பணியாளர்மீதும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகக் குற்றவியல் வழக்குப் போட்டார்கள். 1999இல் நீதிபதி இருவரையும் விடுவித்தார். குழந்தை இறந்தது கொடுமை; அதைச் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வழக்கு நடந்த காலத்தில் இந்தத் தொழிலில் இருந்த ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய், என் ஃபைலில் இன்றைக்கு எதை விட்டுவிட்டேன் என்று யோசித்திருப்பார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் செரில் ரெகியரும் சகாக்களும் இந்தப் பணியாளர்களிடையே நடத்திய ஆய்வுகள், நேரில் கண்ட கொடுமைகளோடு மரண விசாரணைகளும் அவர்களின் மனத்தை எப்படிப் பாதிக்கின்றன என்பதை எழுதிவைத்திருக்கின்றன. பயந்த பணியாளர் கூடுதலாகப் படிவம் நிரப்புவார். படிவத்துக்குப் போகிற நேரம் பிள்ளையோடு தரையில் இருந்து விளையாடியிருக்கக்கூடிய நேரம்.

2016இல் ஒன்ராறியோ ஒரு நல்ல சட்டம் கொண்டுவந்தது. பொலிஸார், தீயணைப்பாளர், அவசர மருத்துவ உதவியாளர் போன்றோருக்கு மனஅதிர்ச்சி நோய் வந்தால் அது வேலையால் வந்ததென்றே எடுத்துக்கொள்ளவேண்டும். அவர்கள் நிரூபித்துக்கொண்டு திரியத் தேவையில்லை. பின்னர் தாதியரையும் சேர்த்தார்கள். குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே இரவில் ஒரே வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பேரில் சீருடை போட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவருக்கு இல்லை. மனிற்றோபா அதே ஆண்டில் எல்லாத் தொழிலாளருக்கும் அதைக் கொடுத்தது. இங்கே ஏன் முடியாது என்பதற்கு நான் இன்னும் நியாயமான காரணம் கேட்கவில்லை.

இந்த நாட்டின் வரலாறும் இந்தப் பணியாளர்களின் தோளில்தான் இருக்கிறது. 2021 குடிசன மதிப்பீட்டில், கனடாவில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 வீதம், ஃபொஸ்டர் வீடுகளில் இருக்கும் அந்த வயதுப் பிள்ளைகளில் அவர்கள் 53.8 வீதம். வதிவிடப் பள்ளிகள் பிரித்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற நல்ல மனம் கொண்ட இளம் பணியாளரைப் பார்த்து ஒரு பாட்டி நடுங்குகிறார் என்றால், அந்த நடுக்கத்துக்கு நூறு வருடக் காரணம் உண்டு.

டிரைவ்வேயில் நின்ற அந்தத் தமிழ் வேர்க்கர் நீண்ட விடுப்பில் போனாள், திரும்பி வரவில்லை. வீட்டில் அப்போது ஒரு பையன் இருந்தான், பத்து வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடமாக அவளோடு மட்டும்தான் பழைய வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கத் தொடங்கியிருந்தான். ஃபைல் மாற்றப்பட்டது என்று மின்னஞ்சல் வந்தது. புது வேர்க்கர் வந்தார், அவரும் அன்பானவர்தான். பையன் கேட்டான்: "என்ர ஃபைல் வாசிச்சனீங்களா?" வாசித்தேன் என்றார். "அப்ப ஏன் திரும்ப என்னட்டக் கேக்கிறியள்?" அதோடு வாயை மூடிவிட்டான். இரவு பல் துலக்கும்போது என்னிடம் கேட்டான், தான் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் அவவுக்கு வருத்தம் வந்ததா என்று.

பிள்ளையின் மனம் எப்போதும் இப்படித்தான் கணக்குப் போடும். அம்மா போனது என்னால். முந்தின வீடு போனது என்னால். இப்போது இவவும். வேர்க்கரின் மனநலம் ஒரு கணக்கு, பிள்ளையின் மனநலம் இன்னொரு கணக்கு என்று தனித்தனி நிதி ஒதுக்கி, தனித்தனிக் கூட்டத்தில் பேசுகிறவர்களிடம் இந்தப் பையனின் கேள்வியைத்தான் நான் சொல்வேன். அவளுக்கு ஆறு பிள்ளை குறைவாகக் கொடுத்திருந்தால், மாதத்தில் ஒருநாள் கதைத்து ஆற ஒரு ஆலோசகரை வைத்திருந்தால், அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்திருப்பான். அவனுக்கு அதற்குப் பிறகு மனநல ஆலோசனைக்குக் காத்திருப்புப் பட்டியலில் இடம் போட்டார்கள்.

பிள்ளைகள் இதைத் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். 2011 நவம்பரில் பராமரிப்பில் வளர்ந்த இளையோர் குயின்ஸ் பார்க்கில், மாகாணச் சட்டசபைக் கட்டடத்திலேயே, பகிரங்க விசாரணை நடத்தினார்கள். தங்களுக்கென்று நிலையாக நிற்க ஒருவரும் இல்லை, எதுவும் நிச்சயமில்லை என்பதே அவர்கள் சொன்னவற்றின் சாரம். அவர்களின் முயற்சியால் மே 14 ஒன்ராறியோவில் பராமரிப்பிலுள்ள பிள்ளைகளுக்கான நாளாயிற்று. அந்த விசாரணைக்குத் துணைநின்ற சிறுவர் பரிந்துரையாளர் அலுவலகத்தை 2019இல் மூடி, பொறுப்பை, மக்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் கொடுத்தது அரசு. 2024இல் அதே ஒம்புட்ஸ்மன், கட்டில் கிடைக்காத பிள்ளைகள் ஹோட்டல்களிலும் அலுவலகங்களிலும் தங்கவைக்கப்படுவதை விசாரிக்கவேண்டியிருந்தது. ஹோட்டல் அறையில் அந்தப் பிள்ளையோடு இரவு முழுக்க யாரோ விழித்திருக்கவேண்டும். பகல் முழுக்க வேலை செய்த பணியாளர்களும் அதற்குப் போகிறார்கள்.

நான் கேட்பது பெரியதில்லை. வேர்க்கர் மாறுவதென்றால் பழையவரும் புதியவரும் சேர்ந்து வரட்டும். ஏன் போகிறேன் என்று பழையவர் தன் வாயால், பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். சுகமில்லாமல் போகிறவர் கடிதமாவது எழுதட்டும். பராமரிப்புத் திட்டக் கூட்டங்களில் இதை எழுத்தில் போடச் சொல்லிக் கேட்டுவருகிறேன். சிலர் போடுகிறார்கள்.

எங்கள் சனத்திடமும் ஒன்று கேட்கவேண்டும். சில்ட்ரன்ஸ் எயிட் எனப்படும் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயம் நம்மிடம் நிறைய. உண்மையில் அவர்களிடம் வருகிற முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றில் பிள்ளை சொந்த வீட்டிலேயே இருக்கும். வெளியே எடுக்கவேண்டி வரும்போது சோறும் பருப்பும் தெரிந்த, தமிழில் நித்திரையாக்கத் தெரிந்த வீடுகள் மிகக் குறைவு. பெரியம்மாவும் மாமியும் பிள்ளையைப் பொறுப்பெடுத்து வளர்த்த சமூகம் இது. சொந்த வீடு தேவையில்லை, வாடகைக்கு இருப்பவரும் செய்யலாம், தனியாளும் செய்யலாம். வார இறுதியில் மட்டும் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கும் தட்டுப்பாடுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் கட்டில் தேடித் தொலைபேசியோடு இருக்கிற ஒரு இளம் வேர்க்கரின் பட்டியலில் இன்னும் பத்து வீட்டு இலக்கங்கள் இருந்தால், ஏழு மணிக்குள் பிள்ளை சாப்பிட்டிருக்கும், எட்டு மணிக்கு அவளும் வீட்டுக்குப் போயிருப்பாள்.