ஆட்டியவர்களுக்கு ஓர் ஊஞ்சல்

தோட்டத்து லயங்களில் நாற்காலி இல்லாத வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தொட்டில் கயிறு அறுத்த தடம் இல்லாத உத்திரம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மலேசியாவின் ரெம்பாவைச் சுற்றி, பெடாஸ் பக்கமும் செம்போங் பக்கமும் ரப்பர் நின்ற நாள்களில், கலியாணமாகி வந்த பெண்ணுக்கு ஒரு பாயும் ஒரு தகரப் பெட்டியும் இருந்தால் குடும்பம் தொடங்கிவிடும். அடுத்த ஆண்டு உத்திரத்தில் ஒரு முடிச்சு விழும். பழைய சேலையை மடித்து அதில் கட்டினால் தொட்டில். சேலை கிழிந்துபோனால் அப்பாவின் கைலி.

அந்தத் தொட்டில் ஆடியே ஆகவேண்டிய காரணம் ரப்பர் மரத்தில் இருந்தது. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பட்டைக்குள் பாலின் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏறினால் சீக்கிரம் பால் நின்றுபோகும். அதனால் இருட்டோடு பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பேர் கொடுத்துவிட்டுக் கத்தியும் காண்டாவாளியுமாக நிரைக்கு ஓட்டம். பால்குடி மறக்காத பிள்ளைகளை அரைத் தூக்கத்தில் வாரிக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விட்டாக வேண்டும். ஒரு மரம் எப்போது பால் தரும் என்பதற்காகக் கலைக்கப்பட்ட தூக்கம் அது. கலைந்ததைத் திரும்பக் கூட்டிவர ஆயாவிடம் இருந்தது ஆட்டம் ஒன்றுதான்.

கொட்டகையின் குறுக்குக்கட்டையில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கயிறு போட்டு, கடைசி நுனியை ஆயா கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வாராம். கால் ஆட்டும், கை ஒரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும். இதை எனக்குச் சொன்னவர் என் பெரியம்மா. ஆயா உடம்புக்கு முடியாமல் படுத்த நாள்களிலும், பெரியம்மாவின் அம்மா அடுத்தடுத்துப் பெற்ற நாள்களிலும், அந்தக் கயிற்றின் நுனியில் இருந்தவர் அவர்.

தோட்டத்தில் பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொல்லியது. ஆனால் வீட்டில் மூத்தது பெண்ணாகப் பிறந்து, அடுத்தது தொட்டிலில் கிடந்தால், அந்தப் பள்ளிக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். பெரியம்மா மூன்றாம் வகுப்போடு நின்றார். கீழே பிறந்தவர்கள் எல்லாரும் அவர் ஆட்டித் தூங்கியவர்கள். என் அம்மாவும் அதில் ஒருவர். ஒருமுறை அம்மாவின் பழைய பள்ளிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “இவ தூங்கின தூக்கமெல்லாம் என் படிப்புதான் தம்பி” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அரிசி விலை சொல்வதுபோல் சொன்னார். அன்றைக்குப் பிறகு தொட்டிலைப் பற்றி யார் இனிக்க இனிக்கப் பேசினாலும், அதன் கயிறு யார் கையில் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆட்டத்துக்குள் என்ன மருந்து இருக்கிறது என்பதை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டிலை வைத்தே சோதித்திருக்கிறார்கள். 2011இல், மதியத் தூக்கத்துக்குப் படுத்தவர்களின் கட்டிலை 4 வினாடிக்கு ஒருமுறை போய்வருமாறு மெல்ல ஆட்டினார்கள். அசையாத கட்டிலில் படுத்த நாளைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். தூக்கமும் ஆழமாக இருந்தது. 2019இல் 18 பேரை முழு இரவு ஆட்டிப் பார்த்தபோது, முன்னிரவில் மனப்பாடம் செய்த சொற்கள் காலையில் கூடுதலாக நினைவில் நின்றன. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வில் சுண்டெலிகளையும் ஆட்டிப் பார்த்தார்கள். உட்காதில் சுண்ணாம்புத் துகள்கள் கொண்ட சமநிலை உறுப்புகள் உண்டு. அவை வேலை செய்யாத எலிகளுக்கு ஆட்டியும் பயன் இல்லை. பாட்டு ஒரு காதில் நுழைகிறதென்றால் ஆட்டமும் அதே காது வழியாகத்தான் தூக்கத்தைத் தொடுகிறது.

அந்த 4 வினாடி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஊசலின் கணக்கு எளியது. ஒரு மீட்டர் கயிறு ஒருமுறை போய்வர 2 வினாடி. நான்கு மீட்டர் கயிற்றுக்கு 4 வினாடி. ஆடுபவரின் எடை இதில் சேராது. லயத்துக் கூரையின் தாழ்ந்த உத்திரத்தில் தொங்கிய தொட்டில் அதைவிடச் சற்று விரைவாகவே ஆடியிருக்கும். ஆய்வுக்கூடத்தின் தாளம் வேண்டுமென்றால் உயரமான மாமரக் கிளைக்குப் போகவேண்டும். ஆடி மாத ஊஞ்சலை ஊர் மரத்தில் கட்டிய நம் முன்னோர் கடிகாரம் பார்த்துக் கட்டவில்லை. உடம்புக்கு எது இதம் என்று ஆடி ஆடியே கண்டுகொண்டார்கள்.

மலேசிய வீடுகளில் பரவலாக உள்ள ஸ்பிரிங் தொட்டில் வேறு வகை. அது முன்னும் பின்னும் போகாது. மேலும் கீழும் குதிக்கும். பிள்ளை கனக்கக் கனக்க அதன் தாளம் மெதுவாகும். அப்போது அம்மாக்கள் இன்னொரு ஸ்பிரிங்கைச் சேர்த்து மாட்டுவார்கள். நம் வீட்டில் தொட்டில் என்றால், பக்கத்துக் கம்பத்து மலாய் வீட்டில் புவாயான். அதே கம்பி, அதே கொக்கி. பிள்ளையைத் தொட்டிலில் இடும் சடங்கு நம்மைப்போல அவர்களுக்கும் உண்டு, பாட்டோடு. வேறுபாடு உத்திரத்தில்தான் இருந்தது. ரெம்பாவின் அடாட் பெர்பாத்தே வழக்கத்தில் குலத்தின் நிலமும் வீடும் தாய்வழியில் மகளுக்கு இறங்கும். தொட்டில் கட்டிய உத்திரம் அந்தப் பெண்ணுடையது. எங்கள் பெண்கள் முடிச்சுப் போட்ட உத்திரமோ தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் பல லயங்கள் அப்படித்தான் காலியாயின.

ஆட்டம் எப்போதும் இதமாகத்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 1926இல் கட்டிய ரஜுலா கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பல பத்தாண்டுகள் மலாயாவுக்கு ஓடியது. அந்தப் பயணத்தைப் பேசிய பெரியவர்கள் முதலில் சொன்னது வாந்தியைத்தான். ஏறக்குறைய 5 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவில்தான் குமட்டல் உச்சத்துக்குப் போகும் என்று 1970களின் ஆய்வுகள் கண்டன. கட்டிலை ஆட்டிய தாளத்துக்கு மிக அருகில் இருக்கிறது இது. ஆனால் கட்டில் ஒரு சாண் அகலத்துக்குள் பக்கவாட்டில் அசைந்தது. கப்பலோ ஆளையே தூக்கித் தூக்கிக் கீழே விட்டது. அளவு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து ஆட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உணர்கிறேன்.

வளர்ந்த பிறகு நம்மை ஆட்ட யாரும் இல்லை. உடம்பு தானே ஆடிக்கொள்கிறது. சாவு வீட்டில் பாருங்கள். ஒப்பாரி வைக்கும் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் அசைகிறார்கள். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. தாங்க முடியாத நேரத்தில் மனித உடம்பு தொட்டிலைத் தேடி, பக்கத்தில் இருப்பவரையே தொட்டிலாக்கிக்கொள்கிறது. இந்தத் தேவையை மரச்சாமான் ஆக்கியவர்கள் வசதி படைத்தவர்கள். செட்டிநாட்டு வீடுகளில் சங்கிலி மாட்டிய ஊஞ்சல் பலகை. ஐரோப்பாவில் ஆடு நாற்காலி. தோனெத் என்ற ஜெர்மானியத் தச்சர் குடும்பத்தின் நிறுவனம், மரத்தை ஆவியில் வளைத்துச் செய்த ஆடு நாற்காலியை 1860இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தோட்டத்தில் இப்படி எதுவும் தொழிலாளி வீட்டுக்கு வந்ததில்லை. தொட்டிலுக்குப் பிறகு ஆட்டம் முடிந்தது. அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் 1998இல், மறதி நோயுள்ள முதியவர்களை நாள்தோறும் ஆடு நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தபோது பலருக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. நம் முதியோர் இல்லங்களில் நான் பார்த்ததெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவை ஆடினால் கால் உடைந்திருக்கிறது என்று பொருள். இது மாறவேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்; பெரிய செலவும் இல்லை.

பிள்ளைகளுக்கு இப்போது மின்சாரத் தொட்டில் வந்துவிட்டது. மோட்டார் இழுக்கும், வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதை நான் பழிக்க மாட்டேன். அந்த மோட்டார் அன்றே இருந்திருந்தால் பெரியம்மா நான்காம் வகுப்புக்குப் போயிருப்பார். ஆனால் துணி வளைந்து பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டும் தொட்டிலில் கைக்குழந்தையைத் தனியே விடக்கூடாது. சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்பது மருத்துவர்கள் சொல்வது. மோட்டார் ஆட்டும், பிள்ளையின் மூச்சைப் பார்க்காது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வுக்கூடம் 2022இல் சொன்ன வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நட. தூங்கியதும் உடனே கிடத்தாமல் 5 முதல் 8 நிமிடம் மடியிலேயே வைத்திரு. இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். “அந்த எட்டு நிமிஷம் நமக்கு ஏதுப்பா? அடுத்தது அழுமே” என்றார்.

மலேசியாவில் 1990இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் பற்றியும் பேசுகிறது. அது வருவதற்குள் பெரியம்மா பேரப்பிள்ளை எடுத்துவிட்டார். இன்று அவர் ரெம்பாவில் தன் மகன் வாங்கிய வரிசை வீட்டில் இருக்கிறார். அங்கே மேலே பார்த்தால் பூச்சுப்பலகைக் கூரைதான். எதையும் கட்ட முடியாது. கொள்ளுப்பேத்தியின் ஸ்பிரிங் தொட்டில் இரும்புச் சட்டத்தில் நிற்கிறது.

போன மாதம் பெரியம்மாவின் மகனான அண்ணன் கார் நிறுத்தும் இடத்தை நீட்டிக் கட்ட ஆள் கூப்பிட்டார். குறுக்கே இரும்பு உத்திரம் வருகிறது என்று கேட்டதும், இரண்டு ஆள் எடை தாங்கும் கொக்கிகளை இப்போதே பற்றவைத்துவிடச் சொன்னேன். பலகைக்குச் செங்கால் கட்டை கிடைக்காவிட்டால் மெராந்தி மரம் போதும். பெரியம்மாவுக்கு ஊஞ்சலில் தனியாக உட்காரச் சம்மதமில்லை. பலகையை அகலமாக அறுக்கச் சொல்லி, என் அம்மா வந்தால் உட்கார எத்தனை சாண் வேண்டும் என்று தரையில் கை வைத்து அளந்து காட்டினார்.