ராஜவாய்க்கால் கரையோரம் ஒரு நாள்

காலை ஏழு மணிக்கு ஜேடர்பாளையம் படுகை அணையில் நின்றேன். காவிரித் தண்ணீர் ராஜவாய்க்காலுக்குள் திரும்புவது இங்கேதான். அணையையும் வாய்க்காலையும் அமைத்தவர் பரமத்தியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் என்பது இப்பகுதி வரலாறு. மேட்டூர் அணை 1934-ல்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே பாசனம் நடந்திருக்கிறது.

கரையோரமாகவே பைக்கில் போனேன். பொத்தனூர், பரமத்திவேலூர் பக்கம் வாழை, கரும்பு, அகத்தியில் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால். வெற்றிலைக்கு வேர் ஆழம் கிடையாது. தண்ணீர் சில நாள் தவறினாலும் கொடி வாடிவிடும், தேங்கினால் அழுகிவிடும். முறை தவறாமல் தண்ணீர் வந்தால்தான் பிழைப்பு.

மோகனூர்ப் பக்கம் ஒரு கிளை வாய்க்காலில் முழங்காலுக்கும் கீழே தண்ணீர். வெட்டிப்போட்ட ஆகாயத்தாமரை கரையில் காய்ந்து கிடந்தது. வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "மேல இருக்கறவங்களுக்குக் கேக்காமயே தண்ணி வருதுங்க தம்பி. நாங்க கேட்டாலும் வர்றதில்லீங்க."

ஒரு கணக்குப் போடுவோம். தூர்வார 50 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் தர வேண்டும். தராதவர் வயலுக்கும் தண்ணீர் வரும் என்றால், அடுத்த வருடம் பத்துப் பேர் தரமாட்டார்கள். அதற்கடுத்த வருடம் வசூலே நின்றுபோகும். இதில் முதல் அடி விழுவது கடைமடைக்குத்தான்.

2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நேபாள வாய்க்கால்களில் ஒன்றைக் கவனித்தார். கல்லும் மரமும் போட்டு விவசாயிகளே கட்டிய அணை அடிக்கடி உடையும். அதைச் சரிசெய்யக் கடைமடைக்காரர்களின் உழைப்பும் தேவைப்பட்டதால், தலைமடைக்காரர்கள் அவர்களுக்குத் தண்ணீர் விட்டார்கள். கான்கிரீட் அணை வந்த பல இடங்களில் அந்தத் தேவை போனது; கடைமடைக்குத் தண்ணீரும் குறைந்தது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. தமிழ்நாட்டில் 2000-ம் ஆண்டுச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைக்கலாம். ஆனால் சங்கம் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே வசூல், ஒரே கணக்கு இருக்க வேண்டும். தூர்வாருவதைக் கடைமடையில் தொடங்க வேண்டும். முறை மீறினால் சிறிய அபராதம், அதையும் ஊரார் முன்னிலையில் வாங்க வேண்டும்.

பொழுது சாயும்போது கிளம்பினேன். பெரியவர் மண்வெட்டியோடு மடைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

உங்கள் ஊர் வாய்க்காலில் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகிறதா? என்ன முறை வைத்திருக்கிறீர்கள்? எழுதுங்கள்.