தறி நின்ற நேரம்

'விடுதலை' முதல் பாகத்தை 2023-ல் எடப்பாடியில் இரவுக் காட்சியாகப் பார்த்தேன். மலைக்கிராமத்துப் பெண்களைப் போலீஸ் முகாமுக்கு இழுத்து வந்து, அறைக்குள் அடைத்து, துணியை உருவி, தேடப்படுகிறவன் எங்கே என்று கேட்கும் கட்டம் வந்ததும் என் வரிசையிலிருந்த ஒரு குடும்பம் எழுந்து போய்விட்டது. என்னால் எழ முடியவில்லை. ஜெயமோகனின் 'துணைவன்' கதையை வைத்து வெற்றிமாறன் எடுத்த படம் அது. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கட்டத்தில் 1992-ல் வாச்சாத்தி கிராமத்தில் நடந்ததுதான் நினைவுக்கு வரும். எனக்கு வாச்சாத்தியோடு இன்னொருத்தியும் வந்தாள், என் வக்கீல் தொழிலில் வந்த பழைய கட்சிக்காரி.

பெயர் வேண்டாம். விசைத்தறிப் பட்டறையில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள். புருஷன் தறி ஓட்டுகிறவன்; பட்டறையில் நாற்பதாயிரம் பாக்கி வாங்கியிருந்தான். இங்கெல்லாம் பாக்கி என்றால் வேலைக்குச் சேரும்போது வாங்கும் முன்பணம். அதைக் கழிக்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. 2009-ல் ஒரு ராத்திரி அவன் சொல்லாமல் கிளம்பிவிட்டான். பட்டறைக்காரர் போலீசுக்குப் போனார். போலீஸ் அவனைத் தேடிப் போகவில்லை. பொழுது சாய்ந்த பிறகு வந்து அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. அவன் வந்தால் இவளை விடுவார்களாம்.

மூன்றாம் நாள் காலை அவளுடைய அம்மா பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். அப்போது தந்தி இருந்தது. மாவட்டக் கண்காணிப்பாளர், ஆட்சியர், மாஜிஸ்திரேட் மூவருக்கும் தந்தி அடித்து, நேரம் போட்ட ரசீதுகளை வாங்கி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் அவளை விட்டுவிட்டார்கள்.

சட்டத்தில் குழப்பமே இல்லை. விசாரணை என்றால் ஒரு பெண்ணை அவள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160-வது பிரிவு அது. ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியை ஸ்டேஷனுக்கு வரச்சொன்னபோது, அது இந்தப் பிரிவுக்கு விரோதம் என்று 1978-லேயே நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார். பொழுது சாய்ந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்ற 2005-ம் வருஷத் திருத்தமும் அப்போது நடைமுறையில் இருந்தது. முன்னாள் முதல்வருக்குச் சொன்ன சட்டம் தார் சுற்றுகிறவளுக்கும் அதே சட்டம்தான். இதை நம்பித்தான் மனித உரிமை ஆணையத்தில் மனுப் போட்டேன்.

பதில் மனு வந்தது. அப்படி ஒரு பெண் ஸ்டேஷனுக்கே வரவில்லை என்று இருந்தது. பொது நாட்குறிப்பின் நகலையும் இணைத்திருந்தார்கள். அதில் அவள் இல்லை. இரண்டு ராத்திரி ஒருத்தி சுவரோரம் உட்கார்ந்திருந்ததற்கு ஒரு வரி இல்லை.

அவளை உட்காரவைத்துக் கேட்டேன். "ராத்திரி தூங்குனியாம்மா?"

"எங்கீங்க தூங்கறது? பக்கத்துல பட்டறைங்க. தறிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். எட்டு மணிக்கு சிப்ட் மாறுச்சு. அப்ப ஒவ்வொரு தறியா நிக்கும்ங்க. ரெண்டாம் ராத்திரி அப்படியில்ல. நடுச்சாமத்துல அத்தனையும் ஒண்ணா நின்னுச்சு. லைட்டும் போயிருச்சு. இருட்டுல யாரு பக்கத்துல வர்றாங்கன்னு தெரியாம சுவத்தோட ஒட்டிக்கிட்டேன். ஒரு சீலை பாதி நெய்யற நேரம் இருக்கும், மறுபடி ஓடுச்சு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் வீடு இருப்பது வேறு மின்பாதை. வீட்டில் இருந்திருந்தால் அந்த ராத்திரி தறி நின்றது அவளுக்குத் தெரிந்திருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் சப்ஸ்டேஷன் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். ஸ்டேஷன் இருக்கும் தெருவுக்குப் போகும் பாதையில் அன்றிரவு 1.10-லிருந்து 2.35 வரை மின்சாரம் இல்லை. அவள் வீட்டுப் பாதையில் மின்சாரம் இருந்திருக்கிறது.

ஆனால் ஆணையத்தில் சாட்சி சொல்ல சென்னைக்கு வர அவள் மறுத்தாள். அதற்குள் இரண்டு வருஷம் ஓடியிருந்தது. போலீஸ்காரர் தினமும் கண்ணில் படுகிற ஊர். "விட்டுருங்க சார்" என்றாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் 2011 செப்டம்பர் 29-ம் தேதி வாச்சாத்தித் தீர்ப்பு. தர்மபுரி நீதிமன்ற வளாகத்தில் நானும் நின்றேன். 1992 ஜூன் 20-ல் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் புகுந்தன. ஊரை ஆலமரத்தடியில் கூட்டி, 18 பெண்களைப் பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். பிறகு 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் கைது செய்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து அடைத்தது எங்கள் சேலம் ஜெயிலில். நான் எத்தனையோ முறை கட்சிக்காரர்களைப் பார்க்கப் போன ஜெயில் அது. 1995-ல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோக, மிச்சமிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி குமரகுரு. அதில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றமும் நிரூபணமானது. மாலையில் அந்தப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். 1992-ல் பள்ளிக்கூட வயதில் இருந்தவளுக்கும் அப்போது முப்பது தாண்டியிருந்தது.

மறுநாள் பேப்பரை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். தார்க்குச்சியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"இத அவிங்க எத்தன வருசம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க சார்?"

"பத்தொம்பது வருஷம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் ஒருக்கா மெட்ராசு வந்துட்டு வர்றனுங்க" என்றாள்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நேரத்தைத்தான் கேட்டார். ராத்திரி மணி என்ன என்று எப்படித் தெரியும், கடிகாரம் பார்த்தாயா? அவள் தறியைச் சொன்னாள். ஒவ்வொன்றாக நிற்பதற்கும் ஒன்றாக நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கையை ஆட்டிச் சொன்னாள். நான் பதிவேட்டின் நகலை நீட்டினேன். அதற்குமேல் அவரிடம் கேள்வி இல்லை. முப்பது வருஷத் தொழிலில் நான் அதிகம் வாய் திறக்காமல் ஜெயித்த வழக்கு இது ஒன்றுதான். ஜெயித்தது அவள் காது.

இருபத்தைந்தாயிரம் ரூபாய் இழப்பீடு, அதைச் சம்பந்தப்பட்ட அதிகாரியிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. காசோலை வந்த அன்று அவளை வங்கிக்குக் கூட்டிப் போனேன். பணத்தை எண்ணி மடியில் முடிந்துகொண்டு, நேராகப் பட்டறைக்காரரிடம் போய் பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொல்லப்போவதாகச் சொன்னாள். நான் கோபப்பட்டேன். புருஷன் வாங்கிய பாக்கிக்கு நீ ஜவாப்தாரி இல்லை, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லிருந்து இருக்கிறது, ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை என்று வங்கி வாசலிலேயே சத்தம் போட்டேன்.

"தெரியுதுங்க சார். ஆனா ராத்திரி ஜீப்பு சத்தம் கேட்டா புள்ளையத் தூக்கிட்டுப் பின்வாசலுக்கு ஓடறேன். குடுத்துடறேன், உடுங்க."